வைத்தியர் சாமுவேல் கிறீன்

தமிழ் பயிலும் நாம் மறத்தற்கரிய அந்நிய தேசத்தாருள் ஒருவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். இவர் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மாசச்சூசெற்ஸ் மாகாணத்திற் பிறந்தார். நியூயார்க் நகரில் வைத்திய சாஸ்திரம் கற்றுத் தேர்ந்தபின், பொருளீட்டும் வழியை நாடாது, கிறிஸ்துவின் ஊழியத்திற்கே அவ்வித்தையை ஒப்புவித்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

மானிப்பாயிலே நோயாளரைப் பேணியதோடு, சுதேச மாணாக்கர்க்கு வைத்தியமும் கற்பித்து வந்தார். முதலிற் போதனை ஆங்கிலத்தில் நடைபெற்றது. அவ்வாறு கற்றோர் உத்தியோகத்தை நாடி வேற்றூர் செல்வாராயினர். கிராமத்து ஏழையின் நோயோ தீர்ந்திலது. இதனை உணர்ந்த கிறீன், தாம் முன்னரே பயின்றிருந்த தமிழிலேயே 1864 முதல் போதிக்கலானார். ஆங்கிலம் உத்தியோகத்திற்கு வாயில். தமிழோ மாணாக்கனைத் தன் ஊராரிடத்தே நிறுத்துவது. இதுவே அவர் கருத்து.

தமிழில் மேனாட்டு வைத்திய நூல்கள் இல்லாத குறையையும் அவரே நீக்க முற்பட்டார். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தம் மாணாக்கர் துணைகொண்டு மொழிபெயர்த்தார், கலைச்சொற்களையும் ஆக்கினார். அவரிடம் கற்றுத் தேறிய வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிற் பயின்றவர்.

1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும் அவர் எழுதுகோலை வைத்திலர். 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. 1884இல் அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தமையே தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டுமென விரும்பியிருந்தார்.

பட்டம் பெறவிருக்கும் நாம், நமது கல்வி எவர் வாயிலை எட்டும் என்பதை இன்றே சிந்திப்போமாக.