குறி பார்க்கக் கற்பித்தவர்

துப்பாக்கியின் பின்காட்டி, முன்காட்டி, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் குறி தப்பாது. இந்தப் பாடத்தைப் புதுச்சேரியில் இளைஞர்களுக்குக் கற்பித்தவர் வ.வே.சு. ஐயர். 1881இல் திருச்சி வரகனேரியில் பிறந்து, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற அவர், அங்கே சாவர்க்கரின் தோழரானார். ஆங்கிலேயக் காவலர்களுக்குத் தப்பி 1910இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். அவரிடம் கைத்துப்பாக்கி பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டார்.

ஆயுதம் பழக்கிய அதே கைதான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தது; தமிழ்ச் சிறுகதைக்கும் வழிகோலியது. 1920இல் தமிழகம் திரும்பிய ஐயர் காந்திய வழிக்கு வந்தார். சிறையில் கம்பனை ஆராய்ந்தார். ஆனால், அவர் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தனர். அந்தப் புயல் ஓயுமுன், 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காக்க முயன்று ஐயர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 44.

அந்நிய ஆட்சியைக் குறிவைப்பதில் பிசகாத அந்தக் கண், பந்தியில் இருந்த சாதியைத் தவறவிட்டது. இதைச் சொல்வதால் அவருடைய தியாகம் குறைந்துவிடாது. விடுதலையும் சமத்துவமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.