சீட்டாட்டத்தில் கணிதம் கண்டவர்

சீட்டாட்டம் என்றாலே நம் இல்லங்களில் பெரியோர் முகஞ்சுளிப்பர். அந்தச் சீட்டாட்டத்தின் பொய்மிரட்டலுக்கும் கணக்கு உண்டென்று காட்டிய பேரறிஞர் ஒருவரை, கணிதம் பயில்வோன் என்ற உரிமையில் இங்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். அவர்தான் ஜான் வான் நியூமன்.

1903 டிசம்பர் 28ஆம் நாள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், வங்கித் தொழில் புரிந்த யூதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வேதிப்பொறியியல் கற்றார். தம் விருப்பப்படி கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1926 டிசம்பரில் கோட்டிங்கன் கணிதக் கழகத்தில் ஆட்டங்களைப் பற்றிக் கட்டுரை படித்தார். அது 1928இல் அச்சேறியது.

சதுரங்கத்தில் காய்கள் யாவும் கண்முன் உள்ளன. போக்கர் சீட்டாட்டத்திலோ எதிராளியின் கை மறைந்திருக்கிறது. அவர் முன்னர் ஆடியதைக் கொண்டே ஊகிக்க வேண்டும். அதுவும் பொய்யாக இருக்கலாம்! ஒருவர் இழப்பதே மற்றவர் பெறுவதாயின், விலகினால் இலாபமில்லை என்னும்படியான ஆட்டமுறை இருவருக்கும் உண்டென நியூமன் நிறுவினார். இதுவே சமநிலை. பொருளியல் அறிஞர் மார்கன்ஸ்டெர்னுடன் 1944இல் வெளியிட்ட பெருநூலில் போக்கருக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கினார்.

இவர் வழிவந்த ஹெரால்ட் குன் 1950இல் அமைத்த சிற்றாட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ராஜா, ராணி, ஜாக்கி என மூன்றே சீட்டுகள். இருவரும் ஆளுக்கொரு காசு வைத்து, ஆளுக்கொரு சீட்டு எடுப்பர். முதல்வர் பந்தயம் கட்டாமல் விடுகிறார். உங்கள் கையில் இருப்பதோ கடைச்சீட்டான ஜாக்கி. துணிந்து ஒரு காசு பந்தயம் கட்டலாமா? எப்போதும் கட்டினால் ராணி வைத்திருப்பவர் உங்களைப் பிடித்துவிடுவார். என்றுமே கட்டாவிடில், ராஜாவுடன் நீங்கள் கட்டும்போது அவர் ஏமாறமாட்டார். மூன்றில் ஒருமுறை கட்டுவதே சரி. அப்போது அவர் துணிந்து காசு வைத்தால், உங்கள் ராஜாவிடம் மூன்று முறை ஒவ்வொரு காசு இழப்பார். ஜாக்கியிடம் ஒருமுறை மூன்று காசு பெறுவார். வைத்தாலும் விட்டாலும் அவருக்கு ஒன்றே. பொய்க்கும் இப்படியோர் அளவு உண்டென்பதை வீட்டுப் பெரியோர் ஏற்பார்களோ, அறியேன்!

1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்ற நியூமன், போர்க்காலத்தில் அணுகுண்டு ஆக்கத்தில் பங்கேற்றார். பின்னர் சோவியத்து நாட்டிடம் கடுமை காட்ட வேண்டுமென்றே வாதிட்டார். இதை நான் போற்றவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. அணுப்போரில் இருவருமே இழப்பர். ஒருவர் இழப்பு மற்றவர் வரவு என்னும் அவரது தேற்றத்தின் நிபந்தனை அங்குச் செல்லாது.

நிரலைத் தன் நினைவிலேயே தாங்கும் கணிப்பொறியின் அமைப்பை 1945இல் இவர் எழுதிய அறிக்கை விளக்கியது. புற்றுநோய்க்கு ஆளாகி, 1957 பிப்ரவரி 8ஆம் நாள், 53ஆம் வயதில் மறைந்தார். இருவர் ஆடும் போக்கரில் ஒருவகைக்கு ஏறத்தாழ முழுச் சமநிலையைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்டனர். அதைக் கணக்கிட்டவை கணிப்பொறிகளே.