நெலீ பிளை: நம்பப்படாதோரின் சாட்சி

மனநோயாளர் என்று ஒருவருக்கு முத்திரை குத்தப்பட்டதும் அவருடைய சாட்சியம் மதிப்பிழந்து விடுகிறது. அவர் சிறுவராகவும் இருந்துவிட்டால் அவர் சொல்வதைக் கேட்கவே ஆளிருப்பதில்லை. மனநல விடுதிகளில் நடந்த கொடுமைகள் பல தசாப்தங்கள் கழிந்தே வெளிவருவதற்கு இதுவே முதற் காரணமாகும். இத்தடையை 1887ஆம் ஆண்டிலேயே தாண்டிய ஒரு பெண் பத்திரிகையாளரின் வாழ்வை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது.

நெலீ பிளை என்ற புனைபெயரால் உலகம் அறிந்த எலிசபெத் ஜேன் கொக்ரன், 1864 மே 5ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டவரோ குடித்துவிட்டு அடிப்பவர். தாயாரின் விவாகரத்து வழக்கில் சாட்சி சொல்ல நின்றபோது எலிசபெத்துக்கு வயது 14. மூடிய கதவுகளுக்குள் நடப்பதை வெளியே சொல்லும் துணிவு அன்றே அவரிடம் இருந்தது.

பெண்ணுக்கு உரிய இடம் வீடே என எழுதிய பிற்ஸ்பேர்க் பத்திரிகை ஒன்றுக்கு 1885இல் அவர் அனுப்பிய மறுப்புக் கடிதம், அங்கேயே அவருக்கு வேலையைப் பெற்றுத் தந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் நியூயோர்க் சென்று ஜோசப் புலிற்சரின் 'வேர்ல்ட்' பத்திரிகையில் இணைந்தார்.

பிளக்வெல்ஸ் தீவில் இருந்த பெண்கள் மனநோய் வைத்தியசாலை பற்றி ஆராய்வதே அவருக்குக் கிடைத்த முதற் பணி. சித்தம் கலங்கியவர் போல நடித்து, நீதவானையும் வைத்தியர்களையும் நம்பவைத்து உள்ளே சென்றார். தீவை அடைந்ததும் நடிப்பைக் கைவிட்டு இயல்பாகவே பேசினார். அந்தத் தெளிவான பேச்சையும் வைத்தியர்கள் நோயின் அறிகுறியாகவே கொண்டனர். குளிர்நீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றுதல், கெட்டுப்போன உணவு, நாள் முழுவதும் வாங்கில் அசையாது இருத்தல், தாதியரின் அடி ஆகியவற்றை அவர் நேரிற் கண்டார். ஜேர்மன் மொழி மட்டுமே அறிந்த பெண்ணொருவர், மொழிபெயர்ப்பாளர் எவருமின்றி விசாரிக்கப்பட்டு அங்கே அடைக்கப்பட்டிருந்தார்.

பத்து நாட்களின் பின்னர் பத்திரிகை அவரை மீட்டது. அவருடைய கட்டுரைகளைத் தொடர்ந்து ஜூரிகள் சபை விசாரணைக்குச் சென்றபோது தீவு துப்புரவாக்கப்பட்டிருந்தது. அவர் குறிப்பிட்ட பெண்கள் சிலர் அங்கே இல்லை. எனினும் சபை அவருடைய கூற்றை ஏற்றது. நோயாளர் பராமரிப்புக்கான நிதி உயர்த்தப்பட்டது.

1889 நவம்பரில் உலகைச் சுற்றப் புறப்பட்ட அவர், டிசம்பரில் கொழும்பில் கப்பலுக்காக ஐந்து நாட்கள் காத்திருந்தார்; கண்டிக்கும் சென்றார். 72 நாட்களில் அப்பயணத்தை நிறைவுசெய்தார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் தேடித் தரும் பணியிலும் ஈடுபட்டார். 1922 ஜனவரி 27ஆம் திகதி நிமோனியாவால் காலமானார்.

அவர் காட்டிய வழியை உலகம் எல்லா வேளையிலும் பின்பற்றவில்லை. நியூசிலாந்தின் லேக் அலிஸ் மனநல வைத்தியசாலையில் 1970களில் சிறுவர்களுக்குத் தண்டனையாக மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அது சித்திரவதையே என அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 2024ஆம் ஆண்டிலேயே. பொறுப்பாக இருந்த வைத்தியர் குற்றவியல் வழக்கைச் சந்திக்காமலே 2022இல் இறந்துவிட்டார். எமது கடலுக்கு அக்கரையிலுள்ள ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளர்களைத் தங்கவைத்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தீ மூண்டபோது 28 பேர் சங்கிலியுடனேயே கருகினர். அந்தச் சங்கிலிகளை அதற்கு முன்னரும் பலர் கண்டிருந்தனர்.

பருத்தித்துறையில் வாழும் எமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வடபுலத்துப் பிள்ளைகள் பலரைச் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பின. உறவுகளைத் தொலைத்த தமிழ் மக்களும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் தம் சொல் நம்பப்படாத வேதனையை நன்கறிவர். ஆகவே, இல்லத்திலிருந்தோ மனநல விடுதியிலிருந்தோ ஒரு பிள்ளை முறையிடும்போது, அதன் சொந்த மொழியிலேயே அன்றே கேட்டுப் பதிவுசெய்வது எமது கடமையாகும். முன்னறிவித்துச் செல்லும் பரிசோதகர் துப்புரவான தரையை மட்டுமே காண்பார் என்பதையும் பிளக்வெல்ஸ் தீவு எமக்கு உணர்த்தியிருக்கிறது.