கடலடி கண்ட வில்லியம் பீபி

கடலின் கரையில் நிற்பவர் அதன் பரப்பையும் அலையையுமே காண்பர். அலைக்குக் கீழே நிகழும் வாழ்க்கையை மக்கள் நெடுங்காலம் அறியாதிருந்தனர். மீனை வலையிற் பிடித்து, இறந்த உடலைச் சாராயத்தில் இட்டு ஆராய்ந்தனரேயன்றி, அது தன் வீட்டில் எவ்வாறு வாழ்கின்றது என்பதைக் கண்டவர் மிகச் சிலரே. அவ்வீட்டிற்கே விருந்தினராய்ச் சென்று கண்டு வந்தவருள் முன்னணியில் நிற்பவர் வில்லியம் பீபி ஆவார்.

பீபி 1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் அமெரிக்க நாட்டின் புரூக்ளின் நகரில் பிறந்தார். இளமையிலேயே பறவைகளிடத்தும் பூச்சிகளிடத்தும் அவர் உள்ளம் ஈடுபட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பட்டம் பெறுமுன்பே 1899இல் நியூயார்க்கு விலங்கியற் பூங்காவில் பறவைப் பகுதியில் பணி ஏற்றார். காட்டுக்கோழி இனங்களைத் தேடி இலங்கை, இமயமலை, போர்னியோ, சீனம் முதலிய இடங்களிற் சுற்றினார். அதன் பயனாய் எழுந்த நான்கு தொகுதிகள் அவருக்கு அறிஞர் உலகில் பெருமதிப்பைத் தேடித் தந்தன.

அப்புகழோடு அவர் அமைதியுற்று இருந்திருக்கலாம். ஆனால், ஐம்பதை நெருங்கிய வயதில் அவர் புதியதொரு கல்வியைத் தொடங்கினார். 1925இல் காலபாகசுத் தீவுகளுக்குச் சென்றபோது, தலைக்கவசம் அணிந்து கடலுக்குள் இறங்கினார். பறவை நூலில் வல்லவரான அவர், கடலடியில் முதல் வகுப்பு மாணவரேயாயினார்.

அக்கவசம் மிக எளியது. வெற்றுக் குவளையைக் கவிழ்த்து நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று நீரை நிரம்ப விடுவதில்லை. கவசம் வேலை செய்வதும் அவ்வாறே. செம்பாலாகிய அது அடியில் திறந்திருக்கும். முன்புறம் கண்ணாடி பதித்திருக்கும். படகில் இருப்போர் கைப்பம்பினால் இரப்பர்க் குழாய் வழியே இடையறாது காற்றைச் செலுத்துவர். கரையில் தூக்க முடியாமல் தூக்கப்படும் சுமார் 60 இராத்தல் கவசம், நீருள் மூழ்கியதும் பாரம் குறைந்துவிடும். ஏணி வழியே படிப்படியாய் இறங்கும்போது நீரின் அழுத்தத்தால் காது வலிக்கும். எச்சிலை விழுங்கினால் அவ்வலி நீங்கும். கவசம் உடலோடு பிணைக்கப்படாது தோளின்மேல் அமர்ந்திருக்குமாதலால், காற்றுத் தடைப்பட்டால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே நீந்தி வரலாம். அங்ஙனம் எழும்போது மூச்சை அடக்கலாகாது. நுரையீரலிலுள்ள காற்று விரிந்து ஊறு செய்யும்.

1927இல் பீபி தம் குழுவினருடன் எயிட்டித் தீவிற்குச் சென்றார். அங்கே அவர் நாடியது பேரலை மோதும் இடமன்று. அமைதியான விரிகுடாவும், தெளிந்த நீரும், பவளப்பாறைகள் நிறைந்த ஆழமற்ற பகுதியுமேயாம். ஒளி மிகுந்த அவ்விடத்தில்தான் உயிர்களும் வண்ணங்களும் மிகுதி. அங்குப் பாறைமேல் அமர்ந்து அவர் பொறுமையோடு காத்திருப்பார். அவரால் தீங்கில்லை எனக் கண்ட மீன்கள் அருகே வந்து உலவும். கிளியலகு போன்ற வாயுடைய மீன்கள் பவளத்தைக் கொறிக்கும். அவை கழிக்கும் துகளே கடற்கரையின் வெண்மணலாகவும் ஆகின்றது. கண்டவற்றை அவர் துத்தநாகத் தகட்டில் பென்சிலாற் குறித்தார். நீர் புகாத பெட்டியில் வைத்த படக்கருவியால் அசையும் படங்களும் எடுக்கப்பெற்றன. அடுத்த ஆண்டில் எயிட்டி அனுபவங்களை நூலாக வெளியிட்டபோது, இவ்வின்பம் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று, எளிய கவசத்தோடு எவரும் கரையோரக் கடலிற் புகலாம் என வற்புறுத்தினார்.

பின்னர் ஆழ்கடலும் அவரை அழைத்தது. ஓட்டிஸ் பார்ட்டன் என்னும் பொறியியலாளர் எஃகால் ஓர் உருண்டையை அமைத்தார். அதன் விட்டம் ஐந்தடிக்கும் குறைவு. அதனுள் இருவரும் மடங்கி அமர்ந்து, பெர்முடாக் கடலில் கம்பி வடத்தினால் இறக்கப்பட்டனர். மேலே கப்பலில் குளோரியா ஹாலிஸ்டர் என்னும் பெண் அறிஞர் தொலைபேசி வழியே பீபி கூறியவற்றைக் கேட்டு எழுதினார். ஒருமுறை ஆளின்றிச் சோதனைக்காக இறக்கிய உருண்டை நீர் நிறைந்து மீண்டது. அதன் மூடியைத் தளர்த்தியபோது நடுத்திருகு குண்டுபோற் பாய்ந்தது. அது கண்டும் அவர்கள் பின்வாங்கவில்லை. 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் 3,028 அடி ஆழம் சென்று மீண்டனர். அதற்குமுன் எவரும் உயிரோடு அத்துணை ஆழம் கண்டதில்லை.

புகழோடு ஐயமும் எழுந்தது. சன்னல் வழியே தாம் கண்டதாகப் பீபி விவரித்த சில மீன்களைச் சில அறிஞர் ஏற்கவில்லை. காட்டுவதற்கு அவரிடம் அம்மீன்களின் உடல் இல்லை. அவற்றுட் சில பின்னரும் அகப்படவில்லை. இக்குறையை மறைத்தல் முறையன்று. எனினும், உயிரை அது வாழும் இடத்திலேயே காணவேண்டும் என்ற அவர் கொள்கை பொய்க்கவில்லை. கடலாராய்ச்சி பின்னர் அவ்வழியே வளர்ந்தது.

அறிவு சிலர்க்கே உரியதென அவர் எண்ணியதில்லை. பெண்களை ஆராய்ச்சிக் குழுவிற் சேர்த்ததற்காக அவரை எள்ளினாரும் உளர். அவர் திறமையையே நோக்கினார். அக்குழுவைச் சேர்ந்த ஜோசலின் கிரேன் பின்னாளில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பை ஏற்றார். கடலைப் பற்றி எழுத முனைந்த ராச்சல் கார்சனையும் நீருள் இறங்கிப் பார்க்குமாறு பீபி தூண்டினார். அவ்வம்மையார் 1949இல் புளோரிடாக் கரையோரம் கவசம் அணிந்து இறங்கினார். 1951இல் அவர் வெளியிட்ட கடல் நூல் உலகப் புகழ் பெற்றது.

பீபி தம் இறுதிக் காலத்தை டிரினிடாடுத் தீவில் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் கழித்து, 1962ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மறைந்தார். அரை மைலுக்கும் மேற்பட்ட ஆழம் கண்ட அவர், அக்கல்வியைத் தொடங்கியது ஏணியின் சில படிகள் இறங்கியேயாகும். அமைதியான நீரைத் தேர்ந்து, கருவியை ஆராய்ந்து, துணையோரை நம்பி, முதற்படியில் கால் வைப்பவர்க்குப் பெருங்கடலும் பள்ளிக்கூடமாகும்.