தாயிச்சி ஓனோ: நிறுத்தக் கற்றுத் தந்தவர்

இன்று எந்த மென்பொருள் நிறுவனத்திற்குள் நுழைந்தாலும் சுவரிலோ கணினித் திரையிலோ ஒரு பலகை தென்படும். செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று அதில் மூன்று பத்திகள். ஒவ்வொன்றிலும் வண்ண அட்டைகள். இதற்குக் கான்பன் பலகை என்று பெயர். கணினித் துறையோடு தொடர்பே இல்லாத ஒரு கார் ஆலைப் பொறியாளர் உருவாக்கிய முறை இது. அவர் பெயர் தாயிச்சி ஓனோ. அவரிடமிருந்து அட்டையை எடுத்துக்கொண்ட அளவுக்கு, அந்த அட்டை எதற்காகப் பிறந்தது என்பதை நம் அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓனோ 1912 பிப்ரவரி 29 அன்று, அப்போது ஜப்பானின் பிடியிலிருந்த சீனத் துறைமுக நகரான டாலியனில் பிறந்தார். நாகோயாவில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1932-இல் டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவு ஆலையில் சேர்ந்தார். கார் தொழிலுக்கு வந்தது 1943-இல்தான். நெசவாலையில் கழித்த அந்தப் பதினோரு ஆண்டுகள் வீண் போகவில்லை. குடும்பத்தின் மூத்தவரான சகிச்சி டொயோடா உருவாக்கிய தறிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஓர் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக நெய்யப்படாது. தறியைக் கண்காணிக்க ஆள் நிற்க வேண்டியதில்லை என்பதால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஓனோ பின்னாளில் செய்தவற்றில் பாதி, இந்தத் தறியின் அறிவைக் கார் ஆலைக்குக் கொண்டுவந்ததுதான்.

மறு பாதி வறுமையிலிருந்து வந்தது. ஓர் அமெரிக்கத் தொழிலாளி ஒன்பது ஜப்பானியர் செய்யும் வேலையைச் செய்கிறார் என்று போருக்கு முன்பே அவர் கேள்விப்பட்டிருந்தார். உடல் வலிமையில் ஒன்பது மடங்கு வேறுபாடு இருக்க முடியாது. அப்படியானால் ஜப்பானியர் எதையோ வீணாக்குகிறார்கள் என்பதே அவர் கண்ட விடை. போருக்குப் பிறகு டொயோட்டாவிடம் பணம் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. 1950-இல் நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்தது. ஆட்குறைப்பும் நீண்ட வேலைநிறுத்தமும் நடந்தன. தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். சில வாரங்களிலேயே கொரியப் போர் மூண்டு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்து நிறுவனத்தைக் காப்பாற்றின. விற்பனையாகாத சரக்கைக் குவித்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஓனோ கண்ணால் கண்டது அந்த ஆண்டில்தான்.

அன்றைய ஆலையின் மாதாந்திர நடைமுறை இன்றைய மென்பொருள் குழுவினருக்கு அந்நியமாகத் தோன்றாது. மாதத்தின் முதல் பாதியில் கார் பூட்டும் பிரிவினர் உதிரிபாகம் வராமல் காத்திருப்பார்கள். கடைசி நாள்களில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிய, இரவு பகலாக வேலை நடக்கும். இயந்திரப் பிரிவுகள் அதுவரை சும்மா இருந்ததில்லை. அப்போதைக்குத் தேவையில்லாதவற்றை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தன. எல்லோரும் உழைத்தார்கள், கார் மட்டும் முடியவில்லை.

ஓனோ இந்த ஓட்டத்தைத் தலைகீழாக்கினார். முந்தைய பிரிவு செய்து தள்ளுவதற்குப் பதிலாக, பிந்தைய பிரிவு தனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அமெரிக்கப் பல்பொருள் அங்காடி அவருக்கு முன்மாதிரி. அங்கே வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரி மீண்டும் நிரப்பப்படும். அந்த அங்காடிகளை அவர் நேரில் பார்த்தது 1956-இல். ஆனால் கேள்விப்பட்ட செய்தியை வைத்தே சில ஆண்டுகள் முன்னதாகத் தம் பிரிவில் சோதனையைத் தொடங்கிவிட்டார். எந்தப் பாகம், எத்தனை, எங்கிருந்து எங்கே என்று எழுதிய சிறு அட்டை ஒன்று பாகங்களோடு போய்த் திரும்பி வரும். அதுதான் கான்பன், ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். அட்டை வராவிட்டால் எதையும் செய்யக் கூடாது. ஆலையில் எத்தனை அட்டைகள் உலவுகின்றனவோ அந்த அளவுக்குத்தான் முடியாத வேலை இருக்க முடியும். எனவே அட்டை என்பது உச்சவரம்பு. அந்த எண்ணிக்கையையும் அவர் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனார், மறைந்திருந்த குறைகள் வெளியே வரட்டும் என்று.

அதைவிடத் துணிச்சலானது, குறை கண்ட எந்தத் தொழிலாளியும் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்று அவர் அளித்த உரிமை. மேற்பார்வையாளர்கள் அஞ்சினார்கள். நிறுத்தத் துணிந்த பிரிவுகளில் தொடக்கத்தில் வேலை அடிக்கடி தடைப்பட்டது. காலப்போக்கில் நிற்க வேண்டிய காரணங்களே அங்கு அருகின. நிறுத்தாமல் சமாளித்தவர்களிடம் குறைகள் அப்படியே தங்கிவிட்டன. நின்ற இயந்திரத்தின் முன் ஏன் என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார். உருகி எரிந்துபோனது, அளவுக்கு மீறிய பளுவால். பளு, உராய்வுத் தாங்கியில் எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது, பம்பு சரியாக இழுக்காததால். பம்பு இழுக்காதது, அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போனதால். உருகியை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் இயந்திரம் மறுபடி நிற்கும். இன்று இணையச் சேவை முடங்கினால் மென்பொருள் குழுக்கள் நடத்தும் ஆய்வுக் கூட்டங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. பல கூட்டங்கள் இரண்டாவது கேள்வியிலேயே யாராவது ஒருவரின் பெயரில் போய் முடிந்துவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

ஓனோவைப் புனிதராக்க வேண்டியதில்லை. மேலாளர்களைக் கடுமையாக ஏசுவார். தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்து, அதற்குள் ஒருவரை மணிக்கணக்கில் நிற்கவைத்து வேலையைக் கவனிக்கச் சொல்வார். ஒருவரே பல இயந்திரங்களை இயக்க வேண்டும் என்று அவர் மாற்றியபோது, அனுபவமிக்க கைவினைஞர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டொயோட்டாவில் பருவத் தொழிலாளியாக வேலை பார்த்த சத்தோஷி கமாட்டா என்ற பத்திரிகையாளர், அங்கு நிலவிய வேகத்தின் கொடுமையை ஒரு நூலாகவே எழுதினார். வீணைக் களைவதும் மனிதரைப் பிழிவதும் வெவ்வேறு. ஆனால் இடையிலுள்ள கோடு மெல்லியது; ஓனோவின் ஆலையில் அது பலமுறை அழிந்ததுண்டு.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டொயோட்டா மற்ற நிறுவனங்களைவிட விரைவாக மீண்டபோதுதான் ஜப்பானே அவரைத் திரும்பிப் பார்த்தது. 1978-இல் அவரது நூல் வெளிவந்தது. 1990 மே மாதம் தம் 78-ஆம் வயதில் அவர் காலமானார்.

மென்பொருள் உலகம் அவரைக் கண்டடைந்தது அதற்குப் பிறகு. மேரி பாப்பென்டிக், டாம் பாப்பென்டிக் இணையர் 2003-இல் எழுதிய நூல் வழி திறந்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒரு பராமரிப்புக் குழுவில் டேவிட் ஆண்டர்சனின் உதவியோடு ஓனோவின் வழியை ஒத்த ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. அந்தக் குழு வேலை பார்த்தது ஹைதராபாதில். கோரிக்கைகள் மாதக்கணக்கில் தேங்கியிருந்தன. ஒவ்வொரு புதுக் கோரிக்கைக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பீடு தயாரிப்பதிலேயே பொறியாளர்களின் நேரத்தில் கணிசமான பகுதி கரைந்தது. மதிப்பிட்டவற்றில் பல செய்யப்படாமலே போயின. மதிப்பீடு நிறுத்தப்பட்டது. ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய வேலைக்கு வரம்பு வைக்கப்பட்டது. ஓர் இடம் காலியானால்தான் அடுத்த வேலை உள்ளே வரும். நிரல் எழுதும் முறையோ சோதிக்கும் முறையோ மாறவில்லை. ஆனாலும் தேக்கம் கரைந்தது.

அந்த வரம்புதான் இன்று பெரும்பாலான பலகைகளில் இல்லை. நடப்பவை என்ற பத்தியில் ஒரே ஆளின் பெயரில் ஏழெட்டு அட்டைகள் தொங்குகின்றன. ஒன்பதாவதை ஒட்ட மேலாளர் காத்திருக்கிறார். பிழை இருக்கிறது, வெளியீட்டை நிறுத்துங்கள் என்று சொல்லும் இளம் சோதனையாளருக்கு, ஓனோவின் தொழிலாளி கையில் இருந்த கயிறு தரப்படவில்லை.