டிக்கி மேல் இறக்கை… ரோட்டு காருக்குத் தேவையா? காலின் சாப்மன் வாழ்க்கை சொல்லும் பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாக்கம் டீக்கடை ஒன்றில் பத்து நிமிஷம் நின்று ஈ.சி.ஆரைப் பாருங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கார்களில் ஏதாவது ஒன்றின் டிக்கி மேல் உயரமான இறக்கை நிற்கும். ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கர், மாடு, ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் பைக்குகள். இதையெல்லாம் தாண்டிப் போகிற வண்டி 80 கி.மீ. வேகம் தொட்டாலே பெரிசு. அப்படியென்றால் அந்த இறக்கைக்கு அங்கே என்ன வேலை?

இதற்குப் பதில் தேட பொருத்தமான ஒரு மனிதர் இருக்கிறார். ஃபார்முலா 1 கார்களில் இறக்கையைப் பரவலாக்கியவர்களில் முன்னணியில் இருந்தவர். அதே சமயம், பொதுமக்களுக்கு விற்ற கார்களில் தூண் வைத்த இறக்கையைப் பொருத்தாதவர். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன்தான் அவர்.

யார் இந்த சாப்மன்?

1928-ம் ஆண்டு மே 19-ம் தேதி இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். பாலமும் கட்டடமும் எப்படிக் குறைந்த எடையில் அதிக பாரம் தாங்கும் என்று சொல்லித் தரும் படிப்பு அது. படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். எடையும் காற்றும் அவர் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தன.

பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை காதலி ஹேசல் வீட்டு கேரேஜில் பிரித்துப் போட்டு, தனக்கான முதல் பந்தயக் காரைச் செய்தார். பிறகு ஹேசலையே திருமணம் செய்துகொண்டார். 1952-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் பிறந்தது. தொடக்க முதலீடு 25 பவுண்டு. அதுவும் ஹேசலிடம் வாங்கிய கடன்.

என்ஜினைப் பெரிசாக்கி வேகம் கூட்டுவது மற்றவர்களின் வழி. காரின் எடையைக் குறைத்து வேகம் கூட்டுவது சாப்மன் வழி. 1962-ல் வந்த லோட்டஸ் 25 காரில், குழாய்களைப் பற்றவைத்துச் செய்யும் சட்டகத்தை விட்டுவிட்டு, உடற்கூட்டையே பாரம் தாங்கும்படி அமைத்தார். அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன் ஆனார்.

இறக்கை எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விங், ஸ்பாய்லர் இரண்டும் ஒன்றல்ல. விங் என்பது தலைகீழாகத் திருப்பிய விமான இறக்கை. அதன் மேலும் கீழும் காற்று ஓடும். விமானத்தைத் தூக்கும் அதே விசை இங்கே காரைக் கீழே அழுத்தும். ஸ்பாய்லர் உடலோடு ஒட்டியே இருக்கும் ஒரு விளிம்பு. காற்று காரைவிட்டுப் பிரியும் இடத்தை மாற்றி, பின்பக்கம் மேலே தூக்கப்படுவதைக் குறைப்பது அதன் வேலை.

அழுத்தம் அதிகமானால் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். வளைவில் வேகமாகப் போகலாம். ஆனால் இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் பாதியானால் விசை கால் பங்குதான்.

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். 130 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் கொண்ட இறக்கை ஒன்று ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் அது தரும் அழுத்தம் சுமார் 6 கிலோ. 160-ல் சுமார் 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசி. 240-ல் சுமார் 56 கிலோ. ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள காருக்கு 6 கிலோ ஒரு பொருட்டே இல்லை. பின்சீட்டில் வைத்த லக்கேஜ் பை அதைவிட கனமாக இருக்கும்.

1968-ல் என்ன நடந்தது?

காரில் இறக்கை வைக்கும் யோசனை சாப்மன் கண்டுபிடித்ததல்ல. 1956-லேயே சுவிஸ் பொறியாளர் மைக்கேல் மே தன் போர்ஷ காரில் வைத்துப் பார்த்தார். 1966-ல் அமெரிக்காவின் ஜிம் ஹால் தன் சாப்பரல் காரில் உயரமான இறக்கையோடு வந்தார். அதை ஃபார்முலா 1-க்குள் வேகமாக இழுத்து வந்தவர்களில் சாப்மன் ஒருவர்.

1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் விபத்தில் இறந்தார். சாப்மனுக்கு அவர் வெறும் டிரைவர் அல்ல, நெருங்கிய நண்பர். அடுத்த மாதமே மொனாக்கோவில், மூக்கில் சிறு இறக்கைகளும் மேல்நோக்கி வளைந்த வாலும் கொண்ட லோட்டஸில் கிரஹாம் ஹில் ஜெயித்தார். அடுத்து பெல்ஜியத்தில் ஃபெராரியும் பிரபாமும் பின்னிறக்கையோடு வந்தன. சாப்மன் விடவில்லை. உயரமான தூண்கள் மேல் இறக்கையை ஏற்றி, அதை நேரடியாகச் சக்கரத்தின் சஸ்பென்ஷனோடு இணைத்தார். அழுத்தம் நேராக டயருக்கே போய்ச் சேரும் ஏற்பாடு அது. அந்த ஆண்டு ஹில் உலக சாம்பியன்.

முறிந்த இறக்கை

1969 மே 4, பார்சிலோனாவின் மான்ட்யூயிக் சர்க்யூட். ரோட்டில் ஒரு மேடு. அதை ஏறி இறங்கும் இடத்தில் ஹில்லின் கார் இறக்கை முறிந்து, கார் தடுப்பில் மோதியது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு லோட்டஸை ஓட்டிய யோகன் ரிண்ட்டின் இறக்கையும் முறிந்தது. அவர் கார், ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த ஹில்லின் கார் மீதே போய் மோதியது. ஹில் தப்பினார். ரிண்ட்டுக்கு முகத்தில் காயம். இறக்கைகளைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து மொனாக்கோ பயிற்சியின்போது உயரமான இறக்கைகள் தடை செய்யப்பட்டன. பிறகு தாழ்வான, உடலோடு உறுதியாகப் பிணைத்த இறக்கைகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கார் ஓட்டுபவர் இறக்கையை நம்பி வளைவுக்குள் போகிறார். அந்த நொடியில் அது முறிந்தால் டயரின் பிடியும் போய்விடும்.

கழற்றிய இறக்கை

அடுத்த ஆண்டு கதை தலைகீழானது. 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மான்சா. நீண்ட நேர் ரோடுகள் கொண்ட டிராக். இறக்கை காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் என்பதால், லோட்டஸ் 72 காரிலிருந்து அதைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். அணியின் இன்னொரு டிரைவரான ஜான் மைல்ஸுக்கு இது பிடிக்கவில்லை. இறக்கை இல்லாமல் கார் நேராகப் போகவில்லை என்று புகார் செய்தார். ரிண்ட் இறக்கை இல்லாமலே போனார். கடைசி வளைவுக்கு முன் பிரேக் பிடித்தபோது கார் திரும்பித் தடுப்பில் மோதியது. பிரேக்கோடு இணைந்த தண்டு முறிந்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ரிண்ட் இறந்துவிட்டார். அதுவரை எடுத்த புள்ளிகளை யாராலும் எட்ட முடியாததால், இறந்த பின் உலக சாம்பியனான ஒரே டிரைவர் அவர்தான்.

எடையைக் குறைக்கும் ஆசையில் சாப்மன் பாகங்களை எல்லை வரை மெலிதாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு அவரைக் கடைசி வரை விடவில்லை.

பிறகு அவர் இறக்கையை ஒளித்தே வைத்தார். லோட்டஸ் 78, 79 கார்களில் பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்பகுதியையே தலைகீழ் இறக்கையாக வளைத்தார்கள். மொத்தக் காரும் ரோட்டை உறிஞ்சிப் பிடித்தது. 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன். சாப்மன் காலத்தில் லோட்டஸ் வென்ற அணிப் பட்டங்கள் மொத்தம் ஏழு. டெலோரியன் கார் திட்டத்தில் பண முறைகேடு என்ற சர்ச்சை சூழ்ந்திருந்த நேரத்தில், 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 54.

கடையில் அவர் விற்றது என்ன?

1957-ல் அறிமுகமான லோட்டஸ் எலீட்டைப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் உடல். எடை நம்ம மாருதி 800-ஐ விடக் குறைவு. என்ஜின் 1,216 சி.சி.தான். ஆனால் காற்றை வழுக்கிப் போகும் வடிவம். காற்றுத்தடை எண் 0.29. இன்றைய கார்களோடு ஒப்பிட்டாலும் நல்ல அளவு. சுமார் 180 கி.மீ. வேகம் போகும். இறக்கை கிடையாது. அடுத்து வந்த எலானிலும் கிடையாது. 1980-ல் வந்த, அதிவேக டர்போ எஸ்பிரிட்டில்கூட முன்னால் ஒரு தடுப்பு, பின்னால் உடலோடு ஒட்டிய சின்ன விளிம்பு, அவ்வளவுதான்.

அப்போ ஸ்பாய்லர் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்ல முடியாது. முதல் தலைமுறை ஆடி டி.டி. கார் பின்பக்கம் வழவழவென்று ஸ்பாய்லர் இல்லாமல் வந்தது. ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் மிக அதிக வேகத்தில் விபத்துகள் நடந்ததும், 2000-ல் கார்களைத் திரும்ப அழைத்து ஸ்பாய்லர் வைத்துக் கொடுத்தார்கள். அங்கே அது உயிர் காக்கும் பொருள். ஆனால் நம் நாட்டில் விரைவுச்சாலையில்கூட கார்களுக்கு உச்சவரம்பு 120 கி.மீ. ஈ.சி.ஆரில் அதைவிடக் குறைவு.

கம்பெனியே வைத்துத் தரும் ஸ்பாய்லர், அந்தக் காருக்கென்றே செய்தது. காற்றுத்தடையைக் கொஞ்சம் குறைத்தால் மைலேஜுக்கும் உதவும். அதைக் கழற்ற வேண்டாம். வெளியே வாங்கிப் பொருத்தும் தூண் இறக்கை வேறு கதை. காற்றுத்தடை கூடும். நம் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. இறக்கை அழுத்துவதோ பின்பக்கத்தை. டிக்கியில் போட்ட ஓட்டைகளைச் சரியாக அடைக்காவிட்டால், கடப்பாக்கம் மாதிரி கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் துருப்பிடிக்க நாளாகாது. ஒட்டியது பிய்ந்து பறந்தால், பின்னால் பைக்கில் வருபவருக்கு ஆபத்து. வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குச் சட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இறக்கையின் முழு வேலையையும் பார்க்க ஆசையா? பந்தயம் நடக்கும் நாளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போங்கள். ஈ.சி.ஆரில் போகும் காருக்குப் பிடி வேண்டுமென்றால், முதலில் டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மானக் குறி இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால், இறக்கைக்கு வைத்த பணத்தில் டயரை மாற்றுங்கள். அடுத்த மழையில் கடப்பாக்கம் தாண்டும்போது பிரேக் பிடித்தால் வித்தியாசம் தெரியும்.