அச்சு இயந்திரம் நுழைந்த வகுப்பறை

1920ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் தெற்கே உள்ள பார்-சூர்-லூ என்னும் மலைக்கிராமத்துப் பள்ளிக்கு இளம் ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது இருபத்து மூன்று. போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டவர். மூடிய வகுப்பறையில் நெடுநேரம் உரக்கப் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். ஆனால், அக்காலத்தில் கற்பித்தல் என்றாலே ஆசிரியர் பேசுவதும் மாணவர்கள் கேட்பதும்தான். பேச முடியாத ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துவது? அவர் தேடிய விடை, உலகின் பல நாட்டு வகுப்பறைகளை மாற்றியது. அவர்தான் செலெஸ்தின் பிரெனே.

பிரெனே, 1896ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கார்ஸ் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற அவர், 1917இல் படுகாயமடைந்தார். நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகும் பழைய உடல்நலம் திரும்பவில்லை. இருப்பினும் ஆசிரியர் பணியை அவர் கைவிடவில்லை.

பார்-சூர்-லூவில் அவர் தம் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றார். வயல்களையும் ஓடைகளையும் கிராமத்துக் கைவினைஞர்களின் பட்டறைகளையும் அவர்கள் சுற்றிப் பார்த்தனர். திரும்பி வந்ததும் தாங்கள் கண்டதை உற்சாகமாகப் பேசினர். பிரெனே அதைக் கரும்பலகையில் எழுத, ஆர்வத்துடன் படித்தனர். பிறகு பாடநூலைத் திறந்தால், அந்த ஆர்வம் மறைந்துவிடும். நூலில் இருந்தது யாரோ ஒருவரின் வாழ்க்கை. கரும்பலகையில் இருந்தது அவர்களுடைய வாழ்க்கை. ஆனால், கரும்பலகையில் எழுதியதை அன்று மாலையே அழிக்க வேண்டியிருந்தது. இது பிரெனேயின் மனத்தை உறுத்தியது.

1924இல் அவர் சிறிய கையச்சு இயந்திரம் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். மாணவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதினர். அவற்றுள் ஒன்றை வகுப்பே தேர்ந்தெடுத்தது. அனைவரும் சேர்ந்து அதன் பிழைகளைத் திருத்தினர். பின்னர், சிறு விரல்கள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அச்சுக் கோத்தன. எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். எனவே கவனம் தேவை. ஓர் எழுத்து தவறினால், அத்தனை தாள்களிலும் அந்தத் தவறு தெரியும். எழுத்துப்பிழையின் விளைவை மாணவர்கள் தங்கள் கைகளாலேயே உணர்ந்தனர்.

அச்சிட்ட தாள்கள் வகுப்பின் நூலாகத் தொகுக்கப்பட்டன. அத்துடன், பிரான்சின் மறுமுனையில், அட்லாண்டிக் கடலோரம் இருந்த திரேகங் ஊர்ப் பள்ளிக்கும் அவை அஞ்சலில் சென்றன. அங்கிருந்த மாணவர்களும் தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினர். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் கடலோர வாழ்க்கையை, அங்கேயே வாழும் தம் வயதொத்த பிள்ளைகளின் சொற்களில் படித்தனர். பதில் எழுத வேண்டுமே! அதற்காகத் தம் ஊரைக் கூர்ந்து கவனித்தனர், பெரியவர்களிடம் கேட்டறிந்தனர். இவ்வாறு மொழியும் புவியியலும் ஒரே பணிக்குள் இணைந்தன.

1926இல் எலிஸ் என்னும் ஆசிரியரைப் பிரெனே மணந்தார். இருவரும் 1928இல் அருகிலிருந்த செயின்ட்-போல் ஊர்ப் பள்ளிக்கு மாறினர். அங்கே அவருக்குச் சோதனை காத்திருந்தது. அவருடைய கருத்துகளையும் கற்பித்தல் முறையையும் விரும்பாத சிலர், 1932இல் அவருக்கு எதிராகச் சுவரொட்டிகளை ஒட்டினர். எதிர்ப்பு வலுத்தது, பிரெனே அப்பள்ளியைவிட்டு வெளியேற நேர்ந்தது. பழைய முறைக்குத் திரும்பியிருந்தால் அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ, 1935இல் வான்ஸ் என்னும் ஊரில் தம் சொந்தப் பள்ளியைத் திறந்தார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் வீடிழந்து வந்த பிள்ளைகளுக்கும் அப்பள்ளி அடைக்கலம் தந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல் அவர் கைது செய்யப்பட்டு, ஓராண்டுக்கும் மேலாகத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார். பள்ளி மூடப்பட்டது. போர் முடிந்ததும் அதை மீண்டும் திறந்தார். அவருடைய முறையைப் பின்பற்றிய ஆசிரியர்கள் 1957இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கினர். 1966ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, பிரெனே வான்ஸில் காலமானார்.

பிரெனேயின் காலத்திலேயே அச்சு இயந்திரம் மிகப் பழைய கருவிதான். ஐரோப்பாவில் அது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அதை அவர் ஆசிரியரின் மேசைமீது வைக்காமல் மாணவர்களின் கைகளில் கொடுத்தார் என்பதே புதுமை. இன்று நம் வகுப்பறைகளில் கணினியும் காணொளியும் இருக்கின்றன. ஒரு நொடியில் மறுகண்டத்துக்குச் செய்தி அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைகளிடம் ஈய எழுத்துகளும் அஞ்சல் உறையும் மட்டுமே இருந்தன. ஆயினும், சொல்வதற்குச் சொந்தமான ஒரு செய்தியும் அதற்காகக் காத்திருக்கும் ஒரு வாசகரும் அவர்களுக்கு இருந்தனர். அதனால்தான் அவர்கள் கற்றார்கள்.